கொல்லிமலையின் உயரம் மைனஸ் பத்து மீட்டர்

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. கொல்லிமலையின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். இந்த உயரம் கணினிக்குள் எப்படி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கணினியில் நினைவகம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அளந்து சொல்லும் சிறு நிரல்கள்தான் நம் பேச்சு. அவை எங்கே தவறுகின்றன என்பதை மலை மிகத் தெளிவாகக் காட்டிவிடும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றிவந்தது. அதன் சரக்கு அறையில் ஒரு ரேடார் ஆன்டெனா; 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. நிலத்தில் பட்டுத் திரும்பும் அலை இரண்டுக்கும் சற்றே மாறுபட்டு வந்து சேரும். அந்த வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரையுள்ள நிலப்பரப்பு இப்படி அளக்கப்பட்டு, ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கட்டம் கட்டமாகக் கோப்புகளாக்கப்பட்டது. வடக்கு 11, கிழக்கு 78 என்ற கட்டத்தின் கோப்பைத் திறந்தால் நாமக்கல், ராசிபுரம், துறையூர், பச்சைமலை எல்லாம் அதற்குள் இருக்கின்றன, கொல்லிமலையும் இருக்கிறது. சுமார் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், வரிசைக்கு 1,201 புள்ளிகள், 1,201 வரிசைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம், ஒவ்வோர் உயரத்துக்கும் 2 பைட் இடம். ஆக மொத்தம் 28,84,802 பைட். தலைப்புக் குறிப்புகூடக் கிடையாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வெறும் உயரங்கள்.

2 பைட் என்றால் 16 பிட். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என்பதால் 65,536 வெவ்வேறு எண்களை அதில் எழுதலாம். பாதியை எதிர் எண்களுக்கு ஒதுக்கினால் −32,768 முதல் 32,767 வரை. மீட்டர் கணக்குக்கு இது தாராளம். எவரெஸ்ட் 8,849 மீட்டர். சாக்கடல் கரை கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே. இரண்டும் வசதியாக அடங்கிவிடும். உயரத்தை முழு மீட்டரில் எழுதுவோம், 2 பைட் போதும் என்று முடிவெடுத்தவர்கள் நன்றாக யோசித்தே எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இடமும் மிச்சம், எண்ணும் பத்திரம்.

இப்போது ஒரு மாணவர் இந்தக் கோப்பை எடுத்து, வரைபடம் நுட்பமாக இருக்கட்டும் என்று எல்லா உயரங்களையும் சென்டிமீட்டருக்கு மாற்றி, அதே 2 பைட் இடத்தில் திரும்ப எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து அவருடைய வரைபடத்தில் நாமும் ஏறுவோம். 327.67 மீட்டர் வரை எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த சென்டிமீட்டரில் கால் வைத்ததும் உயரம் மைனஸ் 327.68 மீட்டர் ஆகிவிடும். சாலை தொடர்ந்து ஏறும், எண்ணும் அங்கிருந்து ஏறும். 655.36 மீட்டரில் நிற்கும்போது வரைபடம் நம்மைக் கடல்மட்டத்தில் காட்டும். 983.03 மீட்டரில் மறுபடி உச்சம் தொட்டு, 983.04இல் மறுபடி பாதாளம். 1,300 மீட்டர் உயரமுள்ள ஓர் இடம் 1,30,000 சென்டிமீட்டர். அதில் 65,536ஐ இரண்டு முறை கழித்தால் மைனஸ் 1,072. அதாவது கொல்லிமலையின் உச்சி கடல்மட்டத்துக்குப் பத்து மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர் கீழே.

ரேடார் பிழை செய்யவில்லை. கோப்பிலும் பிழை இல்லை. நூறால் பெருக்கியதும் தவறான கணக்கு அல்ல. கிடைத்த விடைக்கு அந்த இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஐந்து இலக்கம் மட்டுமே உள்ள பழைய பேருந்தின் கிலோமீட்டர் காட்டி 99,999க்குப் பிறகு 00,000 என்று காட்டுவதைப் போன்றது இது. ஒரு வித்தியாசம் உண்டு. வண்டியில் பாதி வழியில் எண் எதிர்க்குறி பெறாது, கணினியில் பெறும். எண்ணின் இடக்கோடியில் உள்ள பிட்டை எதிர்க்குறிக்கென்று ஒதுக்கியிருப்பதால், கூடிக்கொண்டே போகும் எண் அந்தப் பிட்டைத் தொட்ட கணமே மிகச் சிறிய எதிர் எண்ணாகப் படிக்கப்படுகிறது.

இதே 32,767 என்ற எல்லை ஒரு ராக்கெட்டை வீழ்த்தியிருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 முதன்முதலாகப் புறப்பட்டது. கிடைவேகம் சார்ந்த ஓர் அளவை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று அதன் வழிகாட்டிக் கருவியில் இருந்தது. ஏரியன் 4இலிருந்து எடுத்து அப்படியே வைக்கப்பட்ட வரி அது. ஏரியன் 4 அந்த அளவை எட்டும் வேகத்தில் போனதில்லை. ஏரியன் 5 போனது. மாற்றம் தோற்றதும் கருவி தன்னை நிறுத்திக்கொண்டு பிழைக் குறிப்பை அனுப்பியது. முதன்மைக் கணினி அந்தக் குறிப்பைப் பறப்புத் தகவலாக எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாற்றுக் கருவியும் உதவவில்லை. அதிலும் அதே நிரல்தான் இருந்தது.

இனி நினைவகத்துக்கு வருவோம்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். மலைப்பகுதிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினியே அதுதான். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சிடாக் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 2 ஜிபி ரேம் என்பது அன்று வழக்கமாகக் கிடைத்த அளவு. நம் பாடத்துக்கு அந்த 2 ஜிபி மிகப் பொருத்தமான எண்.

2 ஜிபி என்பது 2,14,74,83,648 பைட். 32 பிட்டில் எதிர்க்குறிக்கும் இடம் விட்டு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,14,74,83,647. சரியாக ஒன்று குறைவு. ஆகவே நினைவகத்தின் அளவைப் பைட்டில், குறியுள்ள 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் நிரல் அந்த மடிக்கணினியில் மைனஸ் 2 ஜிபி என்று காட்டியிருக்க வேண்டும். ஆனால் காட்டியிருக்காது. திரைப் படத்துக்கும் பயாஸுக்கும் கொஞ்சம் ஒதுக்கிய பிறகு எஞ்சியதைத்தான் இயங்குதளம் கணக்கில் எடுக்கிறது. அது 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எண் எல்லைக்குள் நின்றுவிடும். நிரல் எழுதியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார், சரியாக இருக்கும், வெளியிட்டுவிடுவார். அந்த மாணவர் கல்லூரிக்குப் போய், கையில் காசு சேர்ந்தபோது இன்னொரு 2 ஜிபி ரேமை வாங்கிச் செருகினால்தான் பிழை வெளிப்படும். பயன்படுத்தக்கூடிய நினைவகம் 3.8 ஜிபி என்றால், அந்த நிரல் மைனஸ் 0.2 ஜிபி என்று காட்டும். காசு கொடுத்துக் கூட்டிய அன்றைக்குக் கணினி அவருக்குச் சொல்லும் பதில் அது.

இத்தகைய பிழையில் என்னை உறுத்துவது இதுதான். குறைவாக இருக்கும்வரை சரியாகச் சொல்லும் கருவி, வளம் பெருகும்போது பொய் சொல்கிறது. கணினி தன் உடல்நிலையைப் பற்றி நம்மிடம் பேசும் வாய் இந்த நிரல்கள். பயனர் இவற்றைச் சரிபார்க்க வேறு வழி இல்லை.

பிழை எந்த இடத்தில் நுழைகிறது என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் நினைவகத்தைப் பைட் பைட்டாக எண்ணுவதில்லை. பக்கம் பக்கமாக எண்ணுகிறது. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் 4,096 பைட். 4 ஜிபி நினைவகத்தில் 10,48,576 பக்கங்கள். 32 பிட் எண்ணுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆக, எண்ணும்போது ஆபத்து இல்லை. மனிதருக்குப் புரியட்டும் என்று அதைப் பைட்டாக மாற்றும்போதுதான் ஆபத்து. கொல்லிமலையின் உயரம் மீட்டரில் இருந்தவரை எப்படிப் பத்திரமாக இருந்ததோ, பக்கங்களில் இருக்கும்வரை நினைவகக் கணக்கும் அப்படியே பத்திரம். 10,48,576ஐ 4,096ஆல் பெருக்கினால் 4,29,49,67,296. குறியில்லாத 32 பிட் எண்ணில் அடங்குவதைவிட ஒன்று அதிகம். எண் முழுச் சுற்று சுற்றி 0 ஆகிவிடும். 4 ஜிபி கணினி சுழியம் காட்டும்; 5 ஜிபி கணினி 1 ஜிபி காட்டும். இரண்டாவது வகைதான் கொடுமை. சுழியத்தைப் பார்ப்பவர் பிழை என்று உடனே சொல்வார். 1 ஜிபியைப் பார்ப்பவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்.

சரி, 64 பிட் எண்ணில் வாங்கிக்கொள்வோம் என்று நிரலர் எழுதுகிறார்:

மொத்த_பைட் = பக்கங்கள் * பக்க_அளவு

இடப்பக்கத்தில் இருப்பது 64 பிட் இடம். வலப்பக்கத்தில் இருக்கும் இரண்டும் 32 பிட். சி மொழியில் எழுதிய இந்த ஒரு வரியில் எத்தனையோ அனுபவசாலிகள் சறுக்கியிருக்கிறார்கள். கம்பைலர் வலப்பக்கத்தை முதலில் பார்க்கிறது. இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்கச் சொல்கிறாயா, விடையும் 32 பிட் என்று முடிவு செய்துவிடுகிறது. வழிந்தது வழிந்து, மிஞ்சியது மட்டும் 64 பிட் இடத்துக்குப் போய் உட்காருகிறது. பெரிய பாத்திரத்தை நீட்டியும் பயனில்லை. பெருக்கும் முன்பே இரண்டில் ஒன்றை 64 பிட்டாக விரித்துவிட வேண்டும். அப்போது மற்றதும் தானாக விரியும், விடையும் முழுதாக வரும். அந்த ஒரு சொல் மாற்றம் பெருக்கலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம்.

இதில் இன்னொரு கண்ணி. சி மொழியின் லாங் என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட். 64 பிட் விண்டோஸில் அது இன்றும் 32 பிட். ஆக, லினக்ஸில் எழுதி, லினக்ஸில் பல ஆண்டுகள் பிழையில்லாமல் ஓடிய நினைவகக் கருவியை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 2 ஜிபியை எட்டியதுமே தடம் புரளும். இத்தனை பிட் வேண்டும் என்று எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் சி மொழியில் 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்தே உள்ளன. அளவுகளுக்கு அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பைட்டுக்கே போகாமல் இருப்பது இரண்டாவது வழி. ஒரு பக்கம் 4 கேபி என்பதால், பக்கங்களின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் கேபியில் விடை வந்துவிடும். லினக்ஸ் கெர்னல் தன் நினைவகக் கணக்கை வெளியிடும் மெம்இன்ஃபோ கோப்பில் பெரும்பாலான வரிகள் கேபியில்தான் முடிகின்றன. 32 பிட்டில் பைட்டாக எழுதினால் 4 ஜிபியோடு எல்லை முடியும். கேபியாக எழுதினால் 4 டிபி வரை நீளும்.

இந்தத் தேவை கற்பனையாக எழவில்லை. 1995இல் வந்த பென்டியம் ப்ரோ சில்லு 32 பிட் சில்லுதான். ஆனால் முகவரிக்கு 36 பிட் தந்து 64 ஜிபி வரை நினைவகம் வைக்க வழி செய்தது. கணினியில் இருக்கும் நினைவகத்தின் அளவை அந்தக் கணினியின் இயல்பான எண்ணாலேயே எழுத முடியாத நிலை அதனால் வந்தது. லினக்ஸில் நிரல்கள் நினைவக நிலவரத்தைக் கேட்கும் சிஸ்இன்ஃபோ என்ற அழைப்பு, 2.3.22 பதிப்பு வரை எல்லாவற்றையும் பைட்டில் சொல்லிவந்தது. அதற்கு அடுத்த பதிப்பிலிருந்து அந்த அமைப்பில் ஒரு புதிய கட்டம் சேர்ந்தது: அலகு எத்தனை பைட் என்று சொல்லும் கட்டம். எண்ணை மட்டும் தராமல், எண்ணையும் அலகையும் சேர்த்துத் தருகிறேன், தேவையான அகலத்தில் நீயே பெருக்கிக்கொள் என்பது அதன் பொருள். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. பழைய நிரல்கள் அந்தக் கட்டத்தைப் படிக்காமல் விட்டால், சிறிய கணினிகளில் பாதிப்பு இல்லை. பெரிய கணினியில் மட்டும் தவறும்.

விண்டோஸ் வேறு வழியில் போனது. நினைவக நிலவரம் சொல்லும் அதன் பழைய அழைப்பு, 4 ஜிபிக்கு மேல் உள்ள கணினிகளில் தவறான விடை தரலாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. 2 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடையிலிருந்தால் மொத்த அளவை 2 ஜிபி என்றே சொல்லும் என்றும் அதில் இருக்கிறது. பெரிய எண்ணைப் பொறுக்காத பழைய நிரல்கள் குழம்பிவிடக் கூடாது என்று, எல்லையைத் தாண்டாமல் பிடித்து நிறுத்திய ஏற்பாடு இது. பிறகு 64 பிட் எண்களோடு புதிய அழைப்பைத் தந்தார்கள்.

மொத்த அளவைச் சரியாகக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. சதவீதம் இருக்கிறது. பயன்பட்ட அளவை நூறால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பது பள்ளிக்கூடத்தில் படித்த முறை. 48 ஜிபி நினைவகமுள்ள ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். கேபியில் அது 5,03,31,648. அதில் 45 ஜிபி செலவாகிவிட்டது, 4,71,85,920 கேபி. இரண்டும் 32 பிட்டில் வசதியாக அடங்குகின்றன. முதலாவது படியில் நூறால் பெருக்கினால் 4,71,85,92,000. எல்லை தாண்டிவிட்டது. சுற்றிவந்து மிஞ்சுவது 42,36,24,704. அதை மொத்தத்தால் வகுத்தால் 8. திரையில் தெரிவது 8 சதவீதம். உண்மை 93 சதவீதத்துக்கும் மேல். உள்ளே போன எண்கள் சரி. வெளியே வர வேண்டிய விடையோ நூறுக்குள் அடங்கும் சின்ன எண். இடையில் ஒரு கணம் மட்டும் பிறந்து மறையும் எண்தான் வழிந்தது. இரவுப் பணியில் இருப்பவர் 8 என்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். சர்வர் இடம் போதாமல் நிரல்களைக் கொன்றுகொண்டிருக்கும். இங்கேயும் மருந்து ஒன்றுதான்: பெருக்கும் முன் 64 பிட்டாக விரி. அல்லது மொத்தத்தை முதலில் நூறால் வகுத்துக்கொண்டு, அதனால் பயன்பட்டதை வகு. சிறிய எண்களில் இதில் துல்லியம் கொஞ்சம் போகும், மொத்தம் நூறுக்குக் குறைவாக இருந்தால் சுழியத்தால் வகுக்க நேரும். அதனால் நான் விரிப்பதையே தேர்ந்தெடுப்பேன்.

கழித்தலும் வழியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பயன்பட்டது எவ்வளவு என்று அறிய, மொத்தத்திலிருந்து காலியானதையும் தற்காலிகச் சேமிப்புக்குப் போனதையும் கழிக்கிறோம். கன்டெய்னர்கள் போன்ற அடைப்புகளுக்குள் இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வருவது உண்டு. அப்போது கழித்த விடை சுழியத்துக்குக் கீழே போகும். குறியில்லாத 64 பிட் எண்ணில் சுழியத்துக்குக் கீழே இடம் இல்லை. எண் பின்பக்கமாகச் சுற்றி மேல் உச்சிக்குப் போய்விடும். கைக்கணினியில் ஏறக்குறைய 1,700 கோடி ஜிபி செலவானதாகத் திரை சொல்லும். லினக்ஸின் ஃப்ரீ கட்டளைக்குப் பின்னால் உள்ள நிரலில் இதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறார்கள். கழித்த விடை எதிர் எண்ணானால் அதை ஒதுக்கிவிட்டு, மொத்தத்திலிருந்து காலியானதை மட்டும் கழித்துச் சொல்கிறது.

வடக்கு 11, கிழக்கு 78 கோப்பின் வகையில் இன்னொரு வழக்கம் உண்டு. செங்குத்தான சரிவுகளில் மலையின் ஒரு பக்கம் ரேடாருக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அப்படி அளவு கிடைக்காத புள்ளிகளில் −32,768 என்று எழுதிவைத்தார்கள். ‘இங்கே தகவல் இல்லை’ என்பது அதன் பொருள். இதை அறியாமல் படிக்கும் நிரல், மலைச்சரிவில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஆழக் கிணறு தோண்டி வரைந்துவிடும். நினைவகக் கருவிகளிலும் இதே கதை நடக்கிறது. லினக்ஸில் நிரல்களுக்கு நினைவக வரம்பு போடும் பழைய சிகுரூப் அமைப்பில், வரம்பே போடாவிட்டால் படிக்கக் கிடைக்கும் எண் 9223372036854771712. குறியுள்ள 64 பிட் எண்ணின் உச்சத்தை ஒரு பக்க அளவுக்குக் கீழிறக்கிய எண் அது. ‘வரம்பு இல்லை’ என்று படிக்கத் தெரியாத கருவி, உனக்கு 8 எக்ஸாபைட் ஒதுக்கியிருக்கிறது என்று காட்டும். அந்த எண்ணோடு இன்னும் ஒரு பக்கத்தின் அளவைக் கூட்டினாலே வழியும்.

64 பிட் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு கணினி இன்னொரு கணினியின் நிலவரத்தை நெட்வொர்க் வழியே கேட்கும் எஸ்என்எம்பி முறையில், வட்டின் அளவைச் சொல்லும் இடம் இன்றும் 32 பிட்தான். அதிலும் குறியுள்ள எண்ணின் நேர்ப்பகுதி மட்டும். 2000 மார்ச்சில் வெளியான தரத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே ஒதுக்கீட்டு அலகு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். 4,096 பைட் அலகில் சொன்னால் 8 டிபி வட்டோடு எல்லை முடிந்துவிடும். அதைவிடப் பெரிய வட்டுகளை வாங்கியவர்களின் கண்காணிப்புத் திரையில் எதிர் எண்கள் வரத் தொடங்கின. அலகைப் பெரிதாக்கி எண்ணைச் சிறிதாக்கும் அமைப்பு ஒன்றை நெட்-எஸ்என்எம்பி சேர்த்தது. மீட்டரா சென்டிமீட்டரா என்ற அதே தேர்வு.

பணத்திலும் இது நடந்திருக்கிறது. நாஸ்டாக் பங்குச் சந்தையின் தகவல் வழிகள் சில, விலையை ஒரு டாலரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில், குறியில்லாத 32 பிட் எண்ணாக அனுப்பின. அதில் எழுதக்கூடிய உச்ச விலை 4,29,496.7295 டாலர். 2021 மே மாதம் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் ஏ வகைப் பங்கு அந்த எல்லையை நெருங்கியது. வழிந்தால் உலகின் மிக விலையுயர்ந்த பங்கு சில சென்ட்டுக்குக் காட்டப்படும். நல்லவேளையாக, எல்லை தொடும் முன்பே அந்த வழிகளில் அதன் விலையை அனுப்புவதை நிறுத்திவைத்துவிட்டு, அகலத்தைக் கூட்டும் வேலையில் இறங்கினார்கள். வழிந்த பிறகு தேடாமல் வருமுன் பார்த்தது அவர்களுடைய திறமை.

இணையப் பக்கங்களில் நினைவக அளவைக் காட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்ட் 2இன் 53ஆம் அடுக்கு வரை முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். பைட் கணக்குக்கு அது போதும். ஆனால் தசமத்தை வெட்டவோ வேகமாக வகுக்கவோ பிட் நகர்த்தும் குறிகளைப் பயன்படுத்தினால், அந்தக் கணமே எண் 32 பிட்டாகச் சுருங்கிவிடும். பைத்தானில் முழு எண் தேவைக்கேற்ப வளரும் என்பதால் அங்கே இந்தக் கவலை கிடையாது. ரஸ்ட் மொழி சோதனை ஓட்டத்தில் வழிந்த இடத்திலேயே நிரலை நிறுத்திக் காட்டும். ஜாவா சத்தம் காட்டாமல் சுற்றிவிடும். 2014இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து, வழிந்தால் பிழை எழுப்பும் தனிப் பெருக்கல் அதில் இருக்கிறது. சி மொழி மிகக் கடுமையானது. குறியுள்ள எண் வழிந்தால் என்ன நடக்கும் என்று அது எந்த உறுதியும் தருவதில்லை. அதனால், கூட்டிப் பார்த்துவிட்டு விடை குறைந்திருக்கிறதா என்று சோதிக்கும் வரியை, ‘இது நடக்கவே முடியாது’ என்று கம்பைலர் நீக்கிவிடவும் கூடும். கூட்டும் முன்பே, கூட்ட வேண்டிய இரண்டு எண்களில் ஒன்றை உச்ச எண்ணிலிருந்து கழித்து, மற்றது அதற்குள் அடங்குமா என்று பார்ப்பதுதான் நம்பத் தகுந்த சோதனை.

64 ஜிபி கணினி இல்லாமல் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது என்று ஒரு மலைப்பள்ளி மாணவர் கேட்கலாம். 2 ஜிபி மடிக்கணினியே போதும். கணினியிடம் அளவைக் கேட்டு வாங்கும் பகுதியையும், வாங்கிய எண்ணைத் திரைக்கு ஏற்ற எழுத்தாக மாற்றும் பகுதியையும் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரித்து எழுத வேண்டும். மாற்றும் பகுதிக்குக் கணினி தேவையில்லை, எண்கள் மட்டும் போதும். பக்கங்களின் எண்ணிக்கையாக 5,24,287, 5,24,288, 10,48,575, 10,48,576 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். 2 ஜிபி, 4 ஜிபி எல்லைகளின் இருபுறமும் அவைதான். பிறகு பயன்பட்டது 4,71,85,920, மொத்தம் 5,03,31,648 என்று கொடுத்து 93 வருகிறதா என்று பார்க்கலாம். மொத்தத்தைவிடக் காலியானது அதிகம் என்று வேண்டுமென்றே தவறாக ஒரு முறை கொடுக்கலாம். மொத்தம் சுழியம் என்றும் ஒரு முறை. ஒரு விநாடிகூட ஆகாது. இத்தனையும் சரியாக வந்தால், அந்த மடிக்கணினியில் எழுதிய நிரல் 64 ஜிபி நினைவகமுள்ள கணினியிலும் சரியான எண்ணையே காட்டும்.